பிறப்பிடமும் வதிவிடமும்

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் வரும் மரண அறிவித்தல்களுக்கென்று ஒரு வாய்பாடு உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டின் இன்ன நகரத்தை வதிவிடமாகவும் கொண்டவர் இன்ன திகதியன்று இறைவனடி சேர்ந்தார் என்று தொடங்கும். பிறகு பெற்றோர், துணை, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று உறவுகள் நீளும். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு நிற்கும்: கனடா, லண்டன், சுவிஸ், பிரான்ஸ். கடைசியில் ஈமக்கிரியை நடக்கும் இடமும் நேரமும், தகவல் தருபவர்களின் தொலைபேசி இலக்கங்களும் வரும். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று முடியும்.

2020 மார்ச் கடைசியிலிருந்து அந்த வாய்பாட்டின் இறுதிப் பகுதி மாறத் தொடங்கியது. நாட்டு நிலைமை காரணமாகக் குடும்பத்தார் மட்டுமே கிரியைகளில் கலந்துகொள்வர் என்ற வரி வந்தது. மற்றவர்கள் பார்ப்பதற்கு நேரலை முகவரி வந்தது. சில அறிவித்தல்களில் கிரியை பற்றிய தகவல் பின்னர் அறியத் தரப்படும் என்று மட்டும் இருந்தது.

இலங்கையில் 2020 ஒக்டோபர் தொடக்கம் வரை கொவிட் நோயால் இறந்தவர்களின் தொகை 13. அந்தப் பதின்மூன்று பேரில் யாழ்ப்பாணத்தவர் எவரும் இல்லை. ஆனால் அதே மாதங்களில் யாழ்ப்பாணத்தில் சாவுச் செய்தி கேட்ட குடும்பங்கள் ஏராளம். வெளிநாட்டில் கொவிட்டால் இறந்த முதல் இலங்கையர் என்று மார்ச் கடைசி வாரத்தில் அறிவிக்கப்பட்டவரே சுவிட்சர்லாந்தில் வாழ்ந்தவர்தான். ஊருக்குள் ஒரு சாவு இல்லை. ஊரவர்கள் உலகெங்கும் செத்துக்கொண்டிருந்தார்கள். பெருந்தொற்றின் முதல் மாதங்களை இந்தக் குடாநாடு எப்படிக் கடந்தது என்று எழுதப் போனால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

*

நோய் வந்த வழியும் அதே உறவின் வழிதான். 2020 மார்ச் 15 ஞாயிற்றுக்கிழமை, சுவிஸிலிருந்து வந்திருந்த தமிழ்ப் போதகர் ஒருவர் அரியாலையில் ஆராதனை நடத்தினார். சுவிஸ் திரும்பிய பின்னர் அவருக்குத் தொற்று உறுதியானது. மார்ச் 20 வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. 22ஆம் திகதி, போதகரைச் சந்தித்திருந்த தாவடிவாசி ஒருவர் யாழ். மாவட்டத்தின் முதல் நோயாளியாக அடையாளம் காணப்பட்டார். மறுநாள் தாவடிக் கிராமத்தின் ஒரு பகுதி முடக்கப்பட்டது. கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டி ஆகியவற்றோடு யாழ்ப்பாணமும் அதிக ஆபத்துள்ள மாவட்டங்களின் பட்டியலில் ஏறியது. ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை குடாநாடு ஏறத்தாழ முழுமையாக அடங்கிக் கிடந்தது.

‘ஊரடங்கு எங்களுக்குப் புதுசே?’ என்று முதல் நாட்களில் பலர் சொன்னார்கள். சொன்னதில் நியாயம் இருந்தது. அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய், நெருப்புப் பெட்டி என்று எதை முதலில் வாங்கி வைக்க வேண்டும் என்பது தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையைக் கண்ட வீடுகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதாக இருக்கவில்லை. வளவில் முருங்கையும் தேசியும், கிணற்றில் தண்ணீரும் இருந்த வீடுகள் சமாளித்தன. கறி இல்லாத நாட்களில் ஒடியல் மா கை கொடுத்தது.

அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவர்களுக்கு அப்படி இல்லை. மேசன் வேலைக்குப் போகிறவர், ஓட்டோ ஓட்டுகிறவர், நகரத்துக் கடைகளில் நிற்கும் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் வருமானம் நின்றது. வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களில் விளைந்த மரக்கறி சந்தைக்குப் போக வழியில்லாமல் தேங்கியது. கரையோரங்களில் ஏற்றுமதிக்கென்று பிடிபடும் நண்டுக்கும் கணவாய்க்கும் வாங்க ஆள் இல்லை. அரசாங்கம் ஏப்ரலிலும் மேயிலும் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 5,000 ரூபா கொடுத்தது. அதற்கு முன்பே சனசமூக நிலையங்களும் விளையாட்டுக் கழகங்களும் உலர் உணவுப் பொதிகளோடு படலைகளுக்கு வந்துவிட்டன. அந்தப் பொதிகளுக்குக் காசு அனுப்பியவர்களில் பலர் லண்டனிலும் பாரிஸிலும் தாங்களே வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்கள்.

போர்க்கால அனுபவம் எல்லாவற்றுக்கும் உதவவில்லை. விமானம் இரைந்தால் அயல்வீட்டுப் பங்கருக்குள் ஓடிப் பழகியவர்கள் இவர்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த இரவில், முன்பின் தெரியாதவர்களுக்குத் திண்ணையையும் அறைகளையும் திறந்துவிட்ட வீடுகள் இவை. நெருங்கி நின்றால் பிழைக்கலாம் என்பதுதான் அந்த முப்பது ஆண்டுகள் இவர்களின் உடம்பில் ஏற்றிய பாடம். நோயோ விலகி நில் என்றது. அதோடு தனிமைப்படுத்தல் நிலையங்களை நடத்தியவர்களும், சந்திகளில் மறித்து நின்றவர்களும் சீருடைக்காரர்கள். தேசிய கொவிட் தடுப்புச் செயலணிக்குத் தலைமை தாங்கியவர் அன்றைய இராணுவத் தளபதி. ஊரடங்கை மீறியதாகக் கைதானவர்களின் தொகை ஜூன் மாதத்துக்குள் நாடளாவிய ரீதியில் 60,000ஐத் தாண்டியது. தெற்கில் ஒரு சிங்களக் குடும்பம் அந்த வீதித் தடையைப் பார்த்த கண்ணுக்கும், காணாமல் போன பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் வடக்கின் ஒரு தாய் பார்த்த கண்ணுக்கும் வேறுபாடு இருந்தது.

அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியவர்கள் வைத்தியர்கள். யாழ். போதனா வைத்தியசாலையின் பணிப்பாளர் த. சத்தியமூர்த்தியும், வடமாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஆ. கேதீஸ்வரனும் ஊடகங்களின் முன் வந்து, எத்தனை பேரைப் பரிசோதித்தோம், எத்தனை பேருக்குத் தொற்று என்று தமிழில் நேரடியாகச் சொன்னார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலேயே பி.சி.ஆர். பரிசோதனை தொடங்கியது. இரத்தக்கறை படிந்த ஒரு நிலத்தில், சொல்கிறவரை நம்பலாம் என்ற எண்ணம் எத்தனை உயிருக்குச் சமம் என்பதை அந்த வாரங்கள் காட்டின. 1847இல் இங்கு வந்து, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த சாமுவேல் கிறீன் இந்தத் தேவையை அன்றே கண்டவர். நோயைப் பற்றிய செய்தி நோயாளியின் மொழியில் வர வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் பழைய அறிவு.

*

இனி மனவருத்தத்தோடு சொல்ல வேண்டியது ஒன்று. அரியாலை ஆராதனையில் இருந்தவர்களைச் சுகாதாரப் பரிசோதகர்கள் தேடத் தொடங்கியதும், ஊர் அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கத் தொடங்கியது. முகநூலில் வசை பெருகியது. சபையைச் சாடியவர்கள் மதத்தையும் சேர்த்துச் சாடினார்கள். தாவடியான் என்றாலே விலகிப் போகும் நிலை சில வாரங்கள் இருந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் முன்வந்து பதியத் தயங்கினார்கள் என்றால் அதற்குக் காரணம் நோய்ப்பயம் மட்டும் என்று சொல்ல முடியாது.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் நடந்ததா என்று பார்த்தால், அந்த ஐந்தாறு வாரங்களில் உலகம் முழுக்க ஒரே கதை. பெப்ரவரி 18 அன்று தென்கொரியாவின் டேகு நகரில் சின்சோன்ஜி சபையைச் சேர்ந்த பெண் ஒருவர் நாட்டின் 31ஆவது நோயாளியாகப் பதிவானார். அந்தச் சபையைச் சுற்றி ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தொற்று வந்தது. பிரான்ஸில், சுவிஸ் எல்லைக்கு அருகே உள்ள முலூஸ் நகரில், பெப்ரவரி 17 முதல் 21 வரை ஒரு சுவிசேஷ சபையின் ஒன்றுகூடல் நடந்தது. கிழக்கு பிரான்ஸ் முழுவதும் நோய் பரவியது அங்கிருந்து. மலேசியாவில் மார்ச் முதலாம் திகதி முடிந்த ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசல் கூட்டத்துக்கு ஏறத்தாழ 16,000 பேர் வந்திருந்தார்கள். தில்லி நிசாமுதீனில் தப்லீக் ஜமாத்தினர் கூடியது மார்ச் நடுப்பகுதியில். ஒவ்வோர் இடத்திலும் ஊர் ஒரு விரலை நீட்டியது. இந்தியாவில் அது முழு முஸ்லிம் சமூகத்தையும் நோக்கி நீண்டது. மரக்கறி விற்க வந்தவரையும் பெயர் கேட்டுத் துரத்தினார்கள். ஓகஸ்டில் மும்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அந்தக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர்கள் பலிக்கடா ஆக்கப்பட்டார்கள் என்று கூறி வழக்குகளைத் தள்ளுபடி செய்தது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மார்ச் 10 அன்று நடந்த ஒன்றையும் இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேஜிட் பள்ளத்தாக்கில் ஒரு பாடகர் குழு மாலைப் பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். இரண்டரை மணி நேரம் பாடினார்கள். உறுதியானதும் ஐயத்துக்குரியதுமாக 53 பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். அங்கே மதமும் இல்லை, போதகரும் இல்லை. மூடிய மண்டபம், அருகருகே ஆட்கள், வாய் திறந்து பாடிய பாட்டு. டேகுவிலும் முலூஸிலும் அரியாலையிலும் இருந்தவை அவைதான். காற்றில் பரவும் நோய் என்பதை உலகம் முழுதாக ஒப்புக்கொள்ளப் பின்னும் காலம் பிடித்தது. அதற்குள் மனிதர்கள் மனிதர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். அரியாலையிலும் தாவடியிலும் அந்த வசையைச் சுமந்த குடும்பங்களிடம் ஊர் இன்னும் வருத்தம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

*

ஏப்ரல் பிறந்தபோது தொலைபேசி அழைப்புகளின் திசை மாறியது. நாற்பது ஆண்டுகளாக வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்த கேள்வி ஒன்றுதான்: ‘அங்கை நிலைமை எப்படி?’ குண்டு விழுந்த நாளிலும், பாதை பூட்டிய நாளிலும், சுனாமி நாளிலும் அதைக் கேட்டவர்கள் அங்கிருந்தவர்கள். 2020 ஏப்ரலில் அந்தக் கேள்வியை ஊரிலிருந்து தாய்மார் கேட்டார்கள். வேலைக்குப் போகாதே, இஞ்சியும் மல்லியும் அவித்துக் குடி, பிள்ளைகளை வெளியே விடாதே என்று வைபரிலும் வட்ஸ்அப்பிலும் குரல் பதிவுகள் போயின. போகாமல் இருக்க அங்கே பலரால் முடியவில்லை. தமிழர்கள் செய்த வேலைகள் அப்படி: மருத்துவமனை, முதியோர் இல்லம், மூலைக்கடை, எரிபொருள் நிலையம், பேருந்து, துப்புரவு, உணவகச் சமையலறை. வீட்டில் இருந்து செய்யக்கூடிய வேலை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

இலண்டனின் வடமேற்கே ஹரோ, பிரென்ட் பகுதிகளில் தமிழர்கள் செறிந்து வாழ்கிறார்கள். அவர்களின் அயலில் உள்ள நோர்த்விக் பார்க் மருத்துவமனை, தீவிர சிகிச்சைக் கட்டில்கள் முடிந்துவிட்டன என்று மார்ச் 19 அன்றே அவசர நிலை அறிவித்தது. பிரித்தானியப் பிரதமர் நாட்டை முடக்கியது அதற்கு நான்கு நாட்களின் பின்னர், 23ஆம் திகதி. அந்நாட்டில் கொவிட்டுக்குப் பலியான முதல் பத்து வைத்தியர்களும் சிறுபான்மை இனத்தவர்கள். கிங்ஸ்டன் மருத்துவமனையில் முதியோர் மருத்துவ நிபுணராக இருந்த அன்ரன் செபஸ்தியான்பிள்ளை ஏப்ரல் 4 அன்று காலமானார். பேராதனையில் மருத்துவம் படித்து 1967இல் வெளியேறியவர். எழுபது வயதைத் தாண்டியும் மார்ச் 20 வரை கடமையில் இருந்தார். மருத்துவ வரலாற்றுக்கு ஓர் அகராதியும், இலங்கையின் வரலாற்றைப் படங்களோடு சொல்லும் பெருநூலும் எழுதியவர். பழைய கொள்ளைநோய்களை எல்லாம் அகரவரிசையில் அடுக்கி வைத்த மனிதரைப் புதிய நோய் ஒன்று கொண்டுபோனது.

பிரான்ஸில் மார்ச் 17 நண்பகல் முதல் வீட்டை விட்டு வெளியே போகக் கையில் ஒரு கடதாசி வேண்டியிருந்தது. பெயர், முகவரி, போகும் காரணம், புறப்பட்ட நேரம் எழுதிக் கையொப்பமிட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் 135 யூரோ தண்டம். பாரிஸின் லா சப்பலில் கடை வைத்திருந்த தமிழர்களுக்கும், லா கூர்னேவில் அடுக்குமாடிகளில் இருந்தவர்களுக்கும் பழைய ‘பாஸ்’ நினைவு வந்தது. கடதாசி இல்லாமல் ஊரெல்லை தாண்ட முடியாத வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடியவர்கள் அவர்கள். லா கூர்னேவ் அமைந்திருக்கும் சென் சான் தெனி மாவட்டத்தில் சாவு வீதம் நாட்டின் சராசரியை விட மிகக் கடுமையாக ஏறியது. நெருக்கமான வீடுகள், நிறுத்த முடியாத வேலைகள், போதாத மருத்துவமனைகள் என்பதைத் தவிர வேறு மர்மம் அதில் இல்லை. ஏப்ரல் 3 முதல் பாரிஸுக்கு உணவளிக்கும் ருஞ்சிஸ் மொத்தச் சந்தையின் ஒரு மண்டபம் சவப்பெட்டிகள் வைக்கும் இடமானது.

கனடாவின் துயரம் முதியோர் இல்லங்களில் நிகழ்ந்தது. முதல் அலையில் அந்நாட்டில் இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்கள். ஒன்ராறியோவில் அந்த இல்லங்களுக்கு இராணுவத்தை அனுப்ப வேண்டி வந்தது. அங்கு பராமரிப்பாளர்களாக வேலை செய்த தமிழ்ப் பெண்கள், நோயை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோமோ என்று வாசலிலேயே உடை மாற்றிக் குளித்துவிட்டுப் பிள்ளைகளைத் தொட்டார்கள்.

சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிகள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து ஒரே அறையில் பத்துக்கு மேற்பட்டோர் தங்கிய இடங்கள். ஊர் முழுவதும் காக்கப்பட்டதாக உலகம் பாராட்டிக்கொண்டிருந்தபோது நோய் அந்த இரும்புக் கட்டில்களுக்கு நடுவே பரவியது. விடுதிகளில் இருந்தவர்களில் 47 வீதத்தினருக்குத் தொற்று வந்துபோயிருக்கிறது என்று டிசம்பரில் அரசே அறிவித்தது.

இத்தனை நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஒரே கிருமிதான். அது யாரைக் கொன்றது என்பதைத் தீர்மானித்தவை வேலையும் வீடும் வருமானமும்.

*

சாவை விடக் கொடுமையாக மனதில் தங்கியது வழியனுப்ப முடியாமற்போனது.

யாழ்ப்பாணத்துச் சைவச் செத்தவீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. சுண்ணம் இடிக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். பெண்கள் வாய்க்கரிசி போட வேண்டும். மகன் கொள்ளி வைக்க வேண்டும். எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி என்று துயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைக்க ஓர் ஒழுங்கு இருக்கிறது. 2020 ஏப்ரலில் அந்த ஒழுங்கு ஐந்தங்குலத் திரைக்குள் சுருங்கியது. சுவாமியறைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில், ஒரு செம்பின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, நேர வித்தியாசத்துக்குக் காத்திருந்து, இலண்டனின் ஒரு சுடலை மண்டபத்தைப் பார்த்த தாய்மார் குடாநாட்டின் ஊர்தோறும் இருக்கிறார்கள். திரையில் ஐந்தாறு பேர் முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி இருந்தார்கள். பெட்டி மூடியே இருந்தது. இருபது நிமிடத்தில் முடிந்தது. வீட்டில் பறை இல்லை, ஒப்பாரிக்கு அயல் இல்லை. ஊரடங்கு என்பதால் அடுத்த வீட்டுக்காரர் மதிலுக்கு அப்பால் நின்றே அழுதார்கள்.

பயம் முதலில் உயிரோடிருந்தவர்களைத் துரத்தியது. பிறகு இறந்தவர்களையும் விடவில்லை. சென்னையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் ஏப்ரல் 19 அன்று இறந்தபோது, உடலை அடக்கம் செய்ய வந்த வாகனத்தின் மீது வேலங்காட்டில் கல் எறிந்தார்கள். ஓட்டுநர்களின் மண்டை உடைந்தது. நோயாளிகளுக்காக வாழ்ந்த மனிதரை, சக வைத்தியர் பிரதீப்குமார் நள்ளிரவில் தானே மண்வெட்டி பிடித்துப் புதைக்க வேண்டியிருந்தது. கீழ்ப்பாக்கத்தில் முறைப்படி மறு அடக்கம் செய்ய உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது 2021 மார்ச்சில்.

இலங்கையில் இந்தக் கொடுமை சட்டமாகவே வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தும், கொவிட்டால் இறந்த எவரையும் எரிக்கவே வேண்டும் என்று ஏப்ரல் 11 அன்று வர்த்தமானி வெளியானது. நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்று காரணம் சொல்லப்பட்டது. அதற்கு அறிவியல் ஆதாரம் இருக்கவில்லை. முஸ்லிம்களும், அடக்கம் செய்ய விரும்பிய கிறிஸ்தவர்களும் தங்கள் கண்ணெதிரே தகனத்தைப் பார்க்க நேர்ந்தது. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தை டிசம்பரில் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டபோது, மக்கள் பொரளைச் சுடலையின் வேலியில் வெள்ளைத் துணி கட்டினார்கள்.

2021 பெப்ரவரி 25 அன்றுதான் தடை நீங்கியது. உடனே அரசாங்கம் அடக்கத்துக்குத் தேர்ந்தெடுத்த இடம் இரணைதீவு. 1992இல் இடம்பெயர்ந்து, 2018 ஏப்ரலில் தாங்களே படகேறிப் போய்த் தங்கள் தீவை மீட்ட கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்கள் எதிர்த்தார்கள். ஒரு சமூகத்தின் உரிமையை இன்னொரு சமூகத்தின் நிலத்தின் மேல் சுமத்துவது தீர்வல்ல என்று இரு பக்கத்தாரும் சொன்னார்கள். கடைசியில் மார்ச் 5 முதல் மட்டக்களப்பு ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 3,600க்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இறந்த முஸ்லிமும் அங்கேதான் போக வேண்டியிருந்தது. அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது 2024 ஜூலையில்.

அடக்கம் மறுக்கப்படுவது என்றால் என்ன என்பதைத் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2009இல் போர் முடிந்த பின்னரும் உடலே கிடைக்காத குடும்பங்கள் வடக்கில் எத்தனை. அதே 2020 மே 18இல் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலும் நோய்த்தடுப்பைக் காரணம் காட்டிக் கட்டுப்படுத்தப்பட்டது. அப்படியிருந்தும் கட்டாயத் தகனத்துக்கு எதிராக யாழ்ப்பாணத்திலிருந்து எழுந்த குரல் எழ வேண்டிய அளவுக்கு எழவில்லை. இதுவும் அந்தக் காலத்தின் பதிவில் இருக்க வேண்டும்.

*

பதிவு என்றதும் ஒரு கவலை. 1918இல் வந்த பெருங்காய்ச்சல் இலங்கையையும் தாக்கியது. குடாநாட்டில் எந்த வீட்டில் யார் படுத்தார்கள், யார் பார்த்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்று இன்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. எழுதி வைக்காததால் போய்விட்டது. 1981இல் நூலகம் எரிந்த ஊருக்கு, எழுதி வைத்தவையும் எவ்வளவு இலகுவில் போகும் என்பது தெரியும்.

2020இன் முதல் நூறு நாட்கள் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தாவடியில் வாசலில் காவல் நின்ற நாட்களைக் கடந்த குடும்பங்கள் இருக்கின்றன. போதனா வைத்தியசாலையில் முதல் நோயாளியைப் பராமரித்த தாதியர் இருக்கிறார்கள். ஸ்காபரோவிலும் ஈஸ்ற்ஹாமிலும் லா கூர்னேவிலும் சூரிச்சிலும், உடை மாற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தவர்கள் இருக்கிறார்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திக் காத்துவரும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. பல்கலைக்கழக வரலாற்றுத் துறை இருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் சனசமூக நிலையமும், வெளிநாடுகளில் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இருக்கின்றன. செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஒவ்வோர் ஊரும் தன் ஊரைப் பிறப்பிடமாகக் கொண்டு 2020இல் எந்த நாட்டில் இறந்தவரானாலும் அவருடைய மரண அறிவித்தலைத் தேடி ஒரு கோப்பில் சேர்க்கலாம். அவர் எந்த வேலை செய்தார், யார் வழியனுப்பினார்கள் என்று குடும்பத்தைக் கேட்டு இரண்டு வரி எழுதலாம்.

கைபேசிகள் மாறுகின்றன; பழையது பழுதானால் அதோடு எல்லாம் அழிந்துபோகும். வீட்டில் பழைய கைபேசி கிடந்தால், அதை விற்பதற்கோ எறிவதற்கோ முதல், 2020 மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில் வந்த குரல் பதிவுகளைப் பிரதி எடுத்து வையுங்கள்.